மேனேஜருக்கு ஓர் அறை

அத்தை ஓர் அறைக்குள் நுழைவதைப் பார்த்தாலே அவருக்கு என்ன வேலை என்று சொல்லிவிடலாம். முதலில் வாசலில் நின்று மூச்சை இழுப்பார். பிறகு கதவின் மேல் சட்டத்தில் நடுவிரலை ஓடவிட்டு, அந்த விரலை வெளிச்சத்துக்குக் காட்டுவார். இவ்வளவும் முடிந்த பிறகுதான், "என்ன, எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பார். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் இதேதான்.

"அண்ணி, ஃப்ரிட்ஜ் மேல மட்டும் பாக்காதீங்க. நேத்துதான் துடைச்சேன்" என்று அம்மா முந்திக்கொள்வார்.

"நேத்து துடைச்சதுன்னா இன்னிக்குப் பாத்தா என்ன?"

"அது போன மாசத்துல ஒரு நேத்து."

அப்பாவுக்கு அவர் அக்கா. ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பெரிய ஹோட்டலில், பள்ளிக்கூடம் முடித்த கையோடு அறை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். இப்போது அங்கே மேல்மாடிகளுக்கெல்லாம் சூப்பர்வைசர். புதிதாக வேலைக்கு வரும் பெண்களை ஒரு காலி அறையில் நிறுத்தி அவர் பேசுவதை நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"நேத்து இங்க ஒருத்தர் படுத்திருந்தாரு, குளிச்சாரு, யாரோடயோ போன்ல சண்டை போட்டாரு. அதுல ஒரு துளிகூட இன்னிக்கு வர்றவருக்குத் தெரியக் கூடாது. இந்த ரூமுக்குள்ள இதுவரைக்கும் மனுஷனே வந்ததில்லைங்கற மாதிரி இருக்கணும். புரியுதா?"

ஒரு பெண் மெதுவாக, "மேடம், அவர் சண்டை போட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"தலைகாணி ரெண்டும் ரெண்டு மூலைல கிடந்துச்சே" என்றார் அத்தை.

இப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவன் பெயர் மேனேஜர். ஹோட்டலின் பின்பக்கம், சலவைக்குப் போகும் துணிகளைக் குவித்து வைத்த தள்ளுவண்டியில் ஒருநாள் எங்கிருந்தோ ஒரு குட்டி ஏறிப் படுத்துக்கொண்டது. சுற்றிலும் எல்லோரும் ஓடியாடி வேலை செய்ய, அது ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கியது. "நம்ம மேனேஜர் மாதிரியே இருக்குல்ல?" என்று யாரோ சொன்னதுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. அத்தை அவனை வீட்டுக்குத் தூக்கி வந்தார். அசல் மேனேஜருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. லீவு கேட்கும்போது மட்டும் "மேனேஜருக்கு உடம்பு சரியில்லை" என்று வாய் தவறிச் சொல்லிவிடாமல் அத்தை கவனமாக இருப்பார். எங்கள் வீட்டில் யாரும் மேனேஜரை 'அது' என்று சொல்வதில்லை. நானும் இங்கே 'அவன்' என்றே எழுதுகிறேன்.

அந்தக் குட்டிக்கு இப்போது வயதாகிவிட்டது. சர்க்கரை நோய் வந்து, அதனாலேயே இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, பார்வையும் போய்விட்டது. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. இதில் ஒன்றை விளக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஊசி போடுவது பெரிய விஷயமே இல்லை. கழுத்துக்குப் பின்னால் தோலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, கொசுக்கடி போலக் குத்திவிடலாம். பெரிய விஷயம் சாப்பாடு. அவன் முதலில் சாப்பிட வேண்டும், அதற்குப் பிறகுதான் ஊசி. சாப்பிடாத நாய்க்கு வழக்கமான ஊசியைப் போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். உடம்பு நடுங்கும், கால் துவளும், உயிரே போகலாம். ஊசியே போடாமல் விட்டால் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். ஆகவே மேனேஜர் தட்டில் வாய் வைக்கிறானா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வீட்டில் அவன் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. கண் தெரியாதே தவிர, கட்டிலிலிருந்து சமையலறைக்கு, அங்கிருந்து வாசலுக்கு என்று நேர்கோட்டில் நடப்பான்.

இப்படியே போயிருக்கும். அத்தைக்கு வயிற்றில் வலி வந்ததால் எல்லாம் மாறியது. முதலில் வாயு என்றார். பிறகு ஹோட்டல் தாழ்வாரத்தில் தள்ளுவண்டியைப் பிடித்தபடியே மடங்கி உட்கார்ந்துவிட்டார். பித்தப்பையில் கல். எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அத்தை சரி என்று தலையாட்டிவிட்டு நாளைத் தள்ளிப் போட்டார். மறுபடியும் வலி, மறுபடியும் தள்ளிப் போட்டார். டாக்டருக்கே கோபம் வந்துவிட்டது.

"அடுத்த வாட்டி கல்லு போய் அடைச்சுக்கிச்சுன்னா அப்புறம் நீங்க நாள் பாத்துட்டு இருக்க முடியாதும்மா. அவசரமா அறுக்க வேண்டியிருக்கும்" என்றார்.

அன்று மாலை எங்கள் வீட்டில் பஞ்சாயத்து.

"அக்கா, நாய் முக்கியமா, நீ முக்கியமா?" என்றார் அப்பா.

"ஏன், ரெண்டு பேரும் இருந்தா உனக்கு இடிக்குதா?"

"நான் அதையா சொன்னேன்?"

"வேற எதைச் சொன்ன? நான் போய்ப் படுத்துட்டா அவனை யாரு பாப்பா? நீ பாப்பியா? அன்னிக்கு டாக்டர் உன் கையில ஊசி போட்டப்பவே மயக்கம் போட்டு விழுந்தவன் நீ."

அப்பா அத்தோடு எழுந்து போய் டிவியைப் போட்டார். அத்தை சொன்னதில் பொய் இல்லை. எங்கள் குடியிருப்பில் நாய் வளர்க்க அனுமதி கிடையாது. அம்மா வேலைக்குப் போகிறார். எனக்குப் பள்ளி முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருந்த காலம். ஆனால் ஆஸ்பத்திரியில் அத்தையோடு தங்கப் போவது நான்தான். தவிர, அத்தை சொல்லிக்கொடுத்து நான் ஊசியைப் பிடித்துப் பார்த்தேன். இது பழகாத கை என்று எப்படித்தான் கண்டுபிடித்தானோ, மேனேஜர் எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். ஆபரேஷன் முடிந்து வந்தாலும் அத்தை குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. மேனேஜர் நல்ல கனம்.

அம்மாதான் வழி சொன்னார். "நாய்க்கெல்லாம் இப்ப ஹாஸ்டல் இருக்காமே அண்ணி. வெளியூர் போறவங்க விட்டுட்டுப் போறாங்க. அவனுக்கு ஒரு நல்ல இடமாப் பாருங்க. கிடைச்சதும் ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிடலாம்."

அத்தை யோசித்தார். "இடம் கிடைச்சாதான் நாள்" என்றார். "எனக்குப் பிடிச்ச இடமா இருக்கணும்."

என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். "வீட்டுல சும்மாத்தானே சுத்தற. என்னோட சுத்து."

முதலில் போன இடத்தில் வரவேற்பறையே ஒரு சின்ன ஹோட்டல் மாதிரி இருந்தது. சுவரெங்கும் நாய்களின் புகைப்படங்கள். ஒரு நாய் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தது. பின்னால் அவை குளிப்பதற்கு நீச்சல் குளம். மேசையில் இருந்த இளைஞர் சிரித்த முகமாகப் பேசினார்.

"தினமும் வீடியோ அனுப்புவோம் ஆன்ட்டி. நீங்க எங்க இருந்தாலும் பாக்கலாம்."

"அது இருக்கட்டும் தம்பி. என் நாய்க்குச் சர்க்கரை. சாப்பிட்டாதான் ஊசி. அவன் சாப்பிடலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"அதெல்லாம் சாப்பிட்டுரும் ஆன்ட்டி. மத்த டாக்ஸப் பாத்து தானா சாப்பிடும்."

"அவனுக்குக் கண்ணு தெரியாது."

இளைஞர் கூரை மூலையில் இருந்த கேமராவைக் காட்டினார். "ராத்திரி முழுக்கக் கேமரா ஓடும்" என்றார்.

"கேமரா ஊசி போடுமா?"

வெளியே வந்ததும் அத்தை சொன்னார்: "நல்ல பையன்தான். வியாதி இல்லாத நாய்னா கண்ணை மூடிக்கிட்டு விட்டிருப்பேன்."

இரண்டாவது இடம், மிருக வைத்தியர் ஒருவரின் கிளினிக்கை ஒட்டிய ஒரு பழைய வீடு. பெயர்ப்பலகை கூட இல்லை. கிளினிக்கில் பல வருடம் உதவியாளராக இருந்த ஒரு பெண்மணி, உடம்பு முடியாத நாய்களை மட்டும் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிறார் என்று வைத்தியரே சொல்லி அனுப்பியிருந்தார். கதவைத் திறந்ததுமே நாய் வாசனை எங்கள் மேல் வந்து விழுந்தது. கூடத்தில் ஒரு சோபா. அதன் உறை என்ன நிறம் என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு முடி. சோபாவின் நடுவில் மூன்று கால் நாய் ஒன்று மல்லாந்து தூங்கியது. புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் மாட்டிய இன்னொன்று வந்து என் முட்டியில் இடித்தது. கொடியில் பழைய துண்டுகள் தொங்கின.

நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். பாவம், மூச்சை இழுத்தவர் விடவே இல்லை.

"உக்காருங்கக்கா" என்றார் அந்த அம்மா.

"பரவால்ல, நிக்கறேன்."

அந்த அம்மா நிறையக் கேட்டார். மேனேஜர் எதில் படுப்பான், தட்டு எந்தப் பக்கம் இருக்கும், இன்சுலின் குப்பியைக் குலுக்குவீர்களா உள்ளங்கையில் வைத்து உருட்டுவீர்களா, சர்க்கரை இறங்கும்போது முதலில் எந்தக் கால் தள்ளாடும் என்றெல்லாம். அத்தை ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டே ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டி, அந்த விரலை எனக்கு மட்டும் தெரியும்படி காட்டினார். விரலுக்குச் சின்ன மீசை முளைத்திருந்தது. கடைசியில் கடமைக்குத் தன் கேள்வியைக் கேட்டார்.

"அவன் சாப்பிடலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"ஏன் சாப்பிடலைன்னு முதல்ல பாப்பேன்க்கா" என்றார் அந்த அம்மா. "அப்புறம்... அவன் படுக்கற துணி ஏதாவது இருந்தா துவைக்காம கொண்டாங்க. மறந்துகூடத் துவைச்சிராதீங்க."

தெருமுனை வரைக்கும் அத்தை விறுவிறுவென்று நடந்தார். பிறகு வெடித்தார்.

"துவைக்காம கொண்டாங்கன்னு என்கிட்ட சொல்றா! என்கிட்ட!"

"அத்தை, அவங்க கேட்ட கேள்வியெல்லாம் நல்லாத்தானே..."

"கேள்வி கேட்டா ஆச்சா? அந்த சோபால கையை வச்சா கைக்கே ரோமம் முளைச்சிரும்டி."

மூன்றாவது இடத்தில் அத்தை சொக்கிப்போனார். வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், ஒவ்வொரு நாய்க்கும் தனி அறை, வடிகாலுக்கு எஃகு மூடி. பணியாளர்கள் எல்லோரும் பச்சைச் சட்டை, கையுறை. அத்தை கதவுச் சட்டத்தில் விரலை ஓட்டினார். விரல் அப்படியே திரும்பி வந்தது. இன்னொரு கதவில் ஓட்டினார். அதுவும் அப்படியே. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை எங்கள் வீட்டில் நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"சாப்பிடலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"ஊசி போட மாட்டோம் மேடம். உடனே டாக்டர்கிட்டயும் பேசுவோம், உங்ககிட்டயும் பேசுவோம்" என்றார் பொறுப்பாளர்.

சரியான பதில். அத்தை தலையசைத்தார். ஆனாலும் ஹோட்டலில் பழகிய பழக்கம், எதையும் ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் விட மாட்டார். ஒரு நாள் மட்டும் விட்டுப் பார்க்கிறேன் என்றார். அவர்களும் சம்மதித்தார்கள். அத்தை மேனேஜரைக் குளிப்பாட்டி, அவனுடைய பழைய விரிப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, புதிதாக ஒரு போர்வை வாங்கி அதையும் துவைத்துக் காயவைத்து எடுத்துக்கொண்டார். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவது போல இருந்தது.

காலையில் கொண்டு விட்டோம். மத்தியானமே போன் வந்தது. காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை, டாக்டர் பார்த்துவிட்டார், மாலையில் மறுபடி வைத்துப் பார்ப்போம் என்றார்கள். மாலையில் மறுபடி போன். இப்போதும் தொடவில்லை. அவர்கள் செய்தது எதிலும் தப்பில்லை. ஊசியை நிறுத்தினார்கள், டாக்டரைக் கேட்டார்கள், எங்களிடம் உடனே சொன்னார்கள்.

நாங்கள் போனபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தோம். மேனேஜர் அறையின் மூலையில், சுவரில் மூக்கு படும்படி நின்றுகொண்டிருந்தான். படுக்கவில்லை, உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தான். தட்டு அவனுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில்தான் இருந்தது. அத்தை குரல் கொடுத்ததும் திரும்பினான். வேகமாக வந்து எதிர்ச் சுவரில் முட்டிக்கொண்டான். வீட்டில் அவன் எதிலும் முட்டி நான் பார்த்ததில்லை.

அத்தை உள்ளே போனார். தரையில் முட்டி போட்டார். அவனை அணைத்துக்கொண்டு அப்படியே இருந்தவர், சட்டென்று தலையைத் தாழ்த்தித் தரையை முகர்ந்தார். சுவரை முகர்ந்தார். போர்வையை எடுத்து முகர்ந்தார்.

"இது நாங்க ஹோட்டல்ல போடற அதே மருந்துடி" என்றார்.

"நல்ல மருந்துன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"நல்ல மருந்துதான். எதையும் விட்டு வைக்காது."

அவர் எழுந்திருக்கவில்லை. மேனேஜரின் மூக்கைத் தன் கையால் மூடினாற்போல் பிடித்துக்கொண்டார். "இவனுக்கு மூக்குதானே கண்ணு. இங்க முகர்றதுக்கு ஒண்ணுமே இல்லையே. யாரும் வந்ததில்லை, யாரும் படுத்ததில்லை. இவனுக்கு இது ரூமே இல்லடி. வெறும் வெள்ளை."

பொறுப்பாளரிடம் மரியாதையாகப் பேசினார். "உங்க மேல எந்தக் குறையும் இல்லம்மா. இவ்வளவு சுத்தத்தை நான் எங்க ஹோட்டல்லயே பாத்ததில்லை" என்றார். அவர் அதை மனதாரச் சொன்னார்.

டாக்ஸியில் மேனேஜர் அவர் மடியில் தலை வைத்துத் தூங்கினான். வெகு நேரம் கழித்து அத்தை பேசினார். என்னிடம் சொன்னாரா, ஜன்னலிடம் சொன்னாரா தெரியவில்லை.

"உங்க மாமா போனப்பவும் இதைத்தான் பண்ணேன். ஒரே வாரத்துல எல்லாத்தையும் துவைச்சேன். சட்டை, போர்வை, தலைகாணி உறை... கைக்கு ஏதாவது வேலை வேணுமே, அதான். அப்புறம் ஒருநாள் அலமாரியைத் திறந்து ஒரு சட்டையை எடுத்து மூக்குல வச்சுப் பாத்தேன். சோப்பு வாசனைதான் வந்துச்சு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையைத் திருப்பி, "நகத்தை வெட்டுடி, எப்படி இருக்கு பாரு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மேனேஜர் தட்டைக் காலி செய்தான், ஊசியும் போட்டாயிற்று. மறுநாள் காலை அவனையும் கூட்டிக்கொண்டு அந்தப் பழைய வீட்டின் கதவைத் தட்டினோம். அந்த அம்மா திறந்தார். அத்தையைப் பார்த்ததும் அவர் உதட்டில் சிரிப்பு வந்தது.

"வாங்கக்கா. அன்னிக்கு நீங்க போன போக்கைப் பாத்து, இனி இந்தத் தெருப் பக்கமே வர மாட்டீங்கன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றார் அத்தை. "உக்காரலாமா?"

"சோபாலயா?"

"சோபாலதான்."

மூன்று கால் நாய் வேண்டாவெறுப்பாக ஓரம் போனது. அத்தை உட்கார்ந்தார். அந்தக் காட்சியை என் அம்மா பார்த்திருக்க வேண்டும்.

அந்த அம்மா மேனேஜரைக் கயிற்றில் பிடித்து, சுவரோரமாக வீடு முழுக்க ஒருமுறை நடத்தினார். அவசரமே படவில்லை. துண்டுக் கொடி, தண்ணீர்ப் பாத்திரம், கதவுக் கால், மற்ற நாய்களின் பாய் என்று ஒவ்வொன்றிலும் அவன் மூக்கை வைத்து முடிக்கும்வரை நின்றார். ஒரு பாயில் மட்டும் ரொம்ப நேரம் நின்றான். "அது ஒரு கிழவியோடது. வலிப்பு வரும். நேத்துதான் வீட்டுக்குப் போனா" என்றார் அந்த அம்மா, எங்களிடம் அல்ல, அவனிடம்.

இங்கேயும் சோதனைக்கு ஒரு நாள் விட்டோம். சாப்பிட்டான். முழுத் தட்டும். அத்தை ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்.

அடுத்த சில நாட்கள் அத்தைக்கு ஜெயில் தண்டனை. மேனேஜரோடு தன் வாசனையையும் அனுப்பிவைக்க, தன் படுக்கை விரிப்பை மாற்றாமல் அதிலேயே தூங்கினார். தினமும் காலையில் எழுந்து அதைப் பார்த்து, "சீ" என்று சொல்லிவிட்டுத்தான் பல் விளக்குவார். நான் கேலி செய்தால், "நான் தூங்கறேன்னா நினைக்கற? ராத்திரி முழுக்க இதுக்கு மேல மிதந்துட்டு இருக்கேன்" என்பார்.

ஆபரேஷன் அன்று காலையிலிருந்தே அடைமழை. முந்தின நாளே அவனைக் கொண்டு விட்டிருந்தோம். அத்தை பச்சை அங்கி மாட்டி, தலைக்குத் தொப்பி போட்டு, தள்ளுபடுக்கையில் படுத்திருந்தார். அறையின் மூலையைப் பார்த்து, "அங்க தூசி இருக்கு" என்று நர்சிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் போன் அடித்தது. அந்த அம்மா.

"அக்காவை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப அவங்ககிட்டயே குடும்மா. மறைக்காத."

போனை அத்தையின் காதில் வைத்தேன். பக்கத்தில் குனிந்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"அக்கா, அவன் காலைல சாப்பிடலை."

அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டார். நர்ஸ், "அம்மா, படுங்க, படுங்க" என்று ஓடிவந்தார்.

"ஏன்?" என்றார் அத்தை.

"மழைக்கா. கூரைல சத்தம் பயங்கரமா இருக்கு, அதுல மிரண்டுட்டான். உங்க விரிப்புக்குள்ள போய்ப் படுத்துட்டான். ஊசி போடலை. டாக்டர்கிட்ட பேசிட்டேன். நான் தட்டை வச்சுக்கிட்டு அவன் பக்கத்துலயே தரைல உக்காந்திருக்கேன். மழை கொஞ்சம் விட்டா சாப்பிடுவான்னுதான் தோணுது. ஆனா உங்ககிட்ட உறுதியாச் சொல்ல முடியலை."

தள்ளுபடுக்கையைத் தள்ளும் ஆள் வந்து நின்றுவிட்டார். அத்தை அங்கியின் நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதை அவிழ்த்துவிட்டு இறங்கிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். இரண்டு முறை தள்ளிப் போட்டவர். மூன்றாவது முறை டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கல் அதற்கு முன்பே என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

"ஏன்மா" என்றார் அத்தை போனில், "எல்லாம் நல்லா இருக்கு, சாப்பிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பேசாம உள்ள போயிருப்பேனே."

"போயிருப்பீங்க. வெளிய வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

மழைச் சத்தம் அந்தப் பக்கமும் கேட்டது, இந்தப் பக்கமும் கேட்டது.

"தரைலயா உக்காந்திருக்கீங்க?"

"ஆமாக்கா."

"ஜில்லுனு இருக்குமே. அடியில எதையாவது போட்டுக்கோங்க" என்றார் அத்தை. போனை என்னிடம் கொடுத்தார். நாடாவை விட்டுவிட்டுப் படுத்தார். "தள்ளுப்பா" என்றார் அந்த ஆளிடம்.

கதவு மூடியது. நான் வெளியே நடந்தேன். உட்கார எனக்கு எப்போதுமே வராது, அன்று சுத்தமாக வரவில்லை. மழை விட்டது. ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"பாதி சாப்பிட்டான்" என்றார் அந்த அம்மா. "டாக்டர் சொன்ன அளவுக்குக் குறைச்சு ஊசி போட்டாச்சு. இப்ப என் கால் மேல படுத்திருக்கான். எனக்குக் கால் மரத்துப் போச்சு, நகர முடியலை. அக்கா முழிச்சதும் சொல்லு."

அத்தைக்கு நினைவு திரும்பியதும் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே, "எந்தப் பாதி?" என்று கேட்டார். மயக்கம் தெளியவில்லை என்று நர்ஸ் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேனேஜர் எப்போதும் கோழிக்கறியைத் தின்றுவிட்டு டாக்டர் எழுதிக்கொடுத்த உருண்டைத் தீனியை ஒதுக்கிவைப்பவன்.

எங்கள் வீட்டில் படுத்திருந்த நாட்களில் அத்தை தினமும் அந்த அம்மாவோடு போனில் பேசினார். முதலில் மேனேஜரைப் பற்றி, பிறகு மூன்று கால் நாயைப் பற்றி, பிறகு சோபா உறையை எப்படித் தட்டினால் முடி வரும் என்பதைப் பற்றி. "ரெண்டு பேருக்கும் என்ன பேச்சோ, கல்யாணம் பேசி முடிக்கற மாதிரி" என்று அம்மா முணுமுணுத்தார்.

நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே அத்தை கிளம்பிவிட்டார். அந்த வீட்டு வாசலில் நின்று, "மேனேஜர்!" என்றார்.

உள்ளிருந்து நகங்கள் தரையில் தட்டும் சத்தம் ஓடிவந்தது. வந்தவன் அத்தைக்கு ஓர் அடி முன்னால் நின்றுவிட்டான். மூக்கை நீட்டினான். கழுத்தை இழுத்துக்கொண்டான். ஒரு தும்மல் போட்டான். பிறகு திரும்பி நடந்து போய் அந்த அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான்.

அத்தையின் முகம் வாடிப்போனது.

"ஆஸ்பத்திரி வாசனைக்கா" என்றார் அந்த அம்மா அவசரமாக. "மருந்து, பிளாஸ்திரி, அதெல்லாம் இன்னும் உங்க மேல இருக்கு. குரலு நீங்க, மூக்குக்கு வேற யாரோ. குழம்பிட்டான்."

"தெரியுது" என்றார் அத்தை.

"கூப்பிடுங்க, வருவான்."

"வேண்டாம். அவன் பாத்து முடிக்கட்டும்."

குனியக் கூடாதே என்று நான் கையைப் பிடித்துக்கொள்ள, அத்தை மெதுவாக, சுவரில் சாய்ந்தபடி தரையிலேயே உட்கார்ந்தார். புடவை முழுக்க முடி ஒட்டியது. காலை நீட்டிக்கொண்டார். அடுப்பில் வைத்திருந்த தேநீர் கொதித்து வழியும் சத்தம் கேட்டு அந்த அம்மா எழுந்து போனார். மேனேஜர் கொஞ்ச நேரம் அவர் போன திசையில் காதைத் திருப்பி வைத்திருந்தான். பிறகு எழுந்தான். வந்து அத்தையின் பாதத்தில் ஆரம்பித்தான். கணுக்கால், முட்டி, புடவைத் தலைப்பு என்று ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே ஏறி, வயிற்றில் கட்டுப் போட்டிருந்த இடத்துக்கு வந்ததும் நின்றான். அங்கே ரொம்ப நேரம் நின்றான்.

"மெதுவாடா" என்றார் அத்தை. "ஒண்ணும் அவசரமில்ல."